மூச்சை அடக்காதீர்கள்: ஸ்கூபா அடிப்படைப் பயிற்சியில் தடுமாறும் இடங்களும் அவற்றைக் கடக்கும் முறைகளும்

மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்களின் திறமை மூச்சை அடக்குவதில் இருந்தது. கிணற்றிலும் கண்மாயிலும் முக்குளித்து வளர்ந்தவர்களுக்கும், நீருக்குள் போவதென்றால் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொள்வது என்றே உடல் பழகியிருக்கிறது. காற்றுச் சிலிண்டரைச் சுமந்து முழுகும் ஸ்கூபா பயிற்சியின் முதல் விதி இதற்கு நேர் எதிரானது: எந்த நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது. முகமூடிக்குள் நீர் புகும்போது பதறுவதும், சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் நழுவியதும் மேலே பாய்வதும், ஒரே மட்டத்தில் நிற்க முடியாமல் மேலும் கீழும் அலைவதும் தனித்தனிச் சிக்கல்களாகத் தோன்றினாலும், அவற்றுள் பெரும்பாலானவை தரையில் பழகிய மூச்சை நீருக்குள்ளும் கொண்டுசெல்வதால் வருபவை.

‘ஓப்பன் வாட்டர் டைவர்’ எனப்படும் தொடக்கநிலைச் சான்றிதழ்ப் பயிற்சியை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) போன்ற பன்னாட்டு அமைப்புகள் நடத்தும் இப்பயிற்சி மூன்று பகுதிகளைக் கொண்டது: பாடம், நீச்சல் குளத்திலோ அமைதியான ஆழமற்ற கரையோரத்திலோ திறன்களைப் பழகுதல், பிறகு கடலில் நான்கு முழுக்குகள். முடித்தவர்கள் துணையுடன் 18 மீட்டர் ஆழம் வரை செல்லலாம். நான் இதை அந்தமானின் ஹேவ்லாக் தீவில், அதாவது இன்றைய ஸ்வராஜ் தீவில் கற்றேன். பின்னர் புதிதாகக் கற்பவர்களுக்கு அருகில் உதவியாளராகவும் இருந்திருக்கிறேன். கீழே வருபவை பயிற்றுநரின் இடத்தை நிரப்புபவை அல்ல. அவர் சொல்வது ஏன், எதற்கு என்று புரிந்துகொண்டு நீரில் இறங்க உதவுபவை.

நீரில் இறங்குவதற்கு முன்

முதலில் உடல்நலப் படிவம். ஆஸ்துமா, வலிப்பு, காது அறுவைச் சிகிச்சை, நுரையீரல் சுருங்கிய வரலாறு, இதயநோய் போன்றவற்றைப் பற்றி அதில் கேட்பார்கள். பயணச்சீட்டும் விடுதியும் எடுத்தாயிற்று என்பதற்காக ‘இல்லை’ என்று எழுதிவிடும் சபலம் பலருக்கு வரும். அப்படி எழுதாதீர்கள். ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரின் ஒப்புதல் தேவைப்படலாம், அவ்வளவுதான். ஆகவே ஊரிலிருந்து கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே படிவத்தை வாங்கிப் படித்துவிடுவது நல்லது. கருவுற்றிருப்பவர்கள் முழுக்கைத் தள்ளிவைக்க வேண்டும்.

அடுத்தது நீச்சல். 200 மீட்டர் தூரத்தை நிற்காமல் நீந்த வேண்டும், 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். நீந்துவதற்கு நேர வரம்பு இல்லை, எந்த வகை நீச்சலாகவும் இருக்கலாம். கிணற்றில் பழகியவர்கள் ஆழத்துக்கு அஞ்சமாட்டார்கள் என்றாலும், தலையை நிமிர்த்திக் கையை வீசி நீந்தும் பழக்கத்தால் நீண்ட தூரத்தில் களைத்துப்போவார்கள். முகத்தை நீருக்குள் வைத்து, நீருக்குள்ளேயே மூச்சை வெளிவிட்டு நீந்த ஒரு மாதம் பழகினால், பயிற்சியின் முதல் நாள் பாதியாக எளிதாகும்.

முகமூடியைக் கடையிலேயே சோதிக்கலாம். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தபின்பும் ஒட்டியிருந்தால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். மீசை வைத்திருப்பவர்களுக்கு மூக்கின் அடியில் சிலிகான் விளிம்பு சரியாகப் படியாது, சொட்டுச் சொட்டாக நீர் வந்துகொண்டே இருக்கும். மீசையின் மேல் விளிம்பை மட்டும் ஒரு கோடளவு மழித்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். நீண்ட கூந்தல் உள்ளவர்கள் இறுகப் பின்னிக்கொண்டு, நெற்றி முடி ஒன்றுகூட விளிம்புக்கு அடியில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டையை இறுக்கினால் கசிவு நிற்கும் என்று தோன்றும். இறுக்கம் கூடினால் விளிம்பு மடங்கிக் கசிவு அதிகமாவதும் உண்டு.

அழுத்தத்தின் கணக்கு

கடல்மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள அழுத்தம் ஒரு வளிமண்டல அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொன்று கூடும்: 10 மீட்டரில் இரண்டு, 20 மீட்டரில் மூன்று. அழுத்தம் இரட்டித்தால் காற்றின் கன அளவு பாதியாகும். இதுதான் 1662-ஆம் ஆண்டு ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. மேற்பரப்பில் 6 லிட்டராக இருக்கும் காற்று 10 மீட்டரில் 3 லிட்டர், 20 மீட்டரில் 2 லிட்டர். அதாவது முதல் 10 மீட்டரில் நிகழும் மாற்றம் அடுத்த 10 மீட்டரில் நிகழ்வதைவிட மூன்று மடங்கு. ‘ஆழம் குறைவு, ஆகவே பாதுகாப்பு’ என்ற எண்ணம் இங்கே செல்லாது. காது வலிப்பதும், மிதப்பு கைமீறுவதும், மூச்சை அடக்கியபடி மேலெழுந்தால் நுரையீரல் விரிந்து கிழிவதும் ஆழமற்ற நீரில்தான் எளிதில் நடக்கின்றன. நுரையீரலுக்குக் கேடு வர ஒரு நீச்சல் குளத்தின் ஆழமே போதும். மூச்சை அடக்காதே என்ற விதியின் முழுக் காரணமும் இந்தக் கணக்கில் இருக்கிறது.

முதல் மூச்சு

இடுப்பளவு நீரில் நின்று, ரெகுலேட்டரை வாயில் வைத்து முகத்தைத் தாழ்த்துங்கள். முதல் சில மூச்சுகள் சிறிதாகவும் விரைவாகவும் இருக்கும். காற்று போதவில்லை என்ற உணர்வு வரும். காற்று வந்துகொண்டுதான் இருக்கிறது. போதாமல் இருப்பது நீங்கள் வெளிவிடும் மூச்சு. பழைய காற்றை முழுவதுமாக வெளியேற்றாமல் மேலே மேலே இழுப்பதால் நெஞ்சு நிரம்பி, மூச்சுத் திணறுவது போலத் தோன்றுகிறது. ஆகவே கவனத்தை வெளிமூச்சில் வையுங்கள். மனத்துக்குள் நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். அந்த ஒழுங்கு வரும்வரை அடுத்த திறனுக்குப் போக வேண்டாம் என்று பயிற்றுநரிடம் கேட்டுக்கொள்ளலாம். அதில் தயக்கம் வேண்டாம்.

சைகைகளையும் இந்த ஆழமற்ற நீரிலேயே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நாம் ‘நன்று’ என்று காட்டும் உயர்த்திய கட்டைவிரலுக்கு, நீருக்குள் ‘மேலே போவோம்’ என்று பொருள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்த வட்டமே ‘சரி’. தலையாட்டி விடை சொல்லும் வழக்கமும் நமக்கு ஆழமாக ஊறியது. முகமூடி அணிந்த தலை அசைவதைப் பயிற்றுநரால் விடையாக எடுத்துக்கொள்ள முடியாது. கேள்விக்குக் கையாலேயே விடை சொல்லுங்கள். காதில் தொல்லை என்றால் முதலில் உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்து இருபுறமும் அசைத்து, பிறகு காதைக் காட்ட வேண்டும்.

முகமூடி: பெரும்பாலானோர் நின்றுவிடும் இடம்

பயிற்சியைப் பாதியில் விட்டவர்களை நான் பார்த்தவரையில், அவர்களை நிறுத்தியது முகமூடியில் நீர் நிரப்பி வெளியேற்றும் பயிற்சிதான். மூக்கில் நீர் படும் நொடியில் தொண்டை தானாக மூடிக்கொள்வது உடலின் இயல்பான தற்காப்பு. அதை மன உறுதியால் வெல்ல முயல்வதைவிட, சிறு சிறு அளவாகப் பழக்குவதே பயன் தரும்.

எனக்கே இது மூன்று நாள் பிடித்தது. இரண்டு மீட்டர் ஆழத்தில் முகமூடியை முழுவதும் நிரப்பச் சொன்னபோது மூக்கால் நீரை இழுத்து, இருமி, மேலே எழுந்துவிட்டேன். அன்று மாலை பயிற்றுநர் என்னைக் கருவிகள் எதுவுமின்றி ஆழமற்ற நீருக்கு அழைத்துப்போய், முகமூடி இல்லாமல், நீருக்கு மேல் நீளும் மூச்சுக் குழாயான ஸ்நார்க்கலை மட்டும் வாயில் வைத்து முகத்தைத் தாழ்த்தி மூச்சுவிடச் செய்தார். முதல் பத்து மூச்சும் போராட்டமாக இருந்தன. ஏறக்குறைய கால் மணி நேரத்தில் மூக்கும் வாயும் இரு வேறு வழிகள் என்று உடலுக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் முகமூடி ஒரு சிக்கலாகவே இல்லை. இதை வீட்டில் ஒரு வாளி நீரிலும் ஸ்நார்க்கல் கொண்டு பழகலாம். ஆனால் அருகில் ஒருவர் இருக்க வேண்டும்.

அந்த அடிப்படை வந்தபின் படிகள் இவை. முதலில் முகமூடியின் மேல் விளிம்பைச் சற்றே விலக்கி, கண்ணுக்குக் கீழ் வரை மட்டும் நீரை விடுங்கள். அவசரப்படாமல், அந்த நீருடனேயே வாயால் நான்கைந்து மூச்சு விடுங்கள். பிறகு மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, வாயால் ஆழ்ந்து இழுத்து, மூக்கால் நீளமாகவும் மெதுவாகவும் ஊதியபடி தலையை உயர்த்துங்கள். காற்று மேலே தேங்கி நீரைக் கீழ் விளிம்பு வழியே தள்ளிவிடும். சளி சிந்துவதுபோல வேகமாக ஊதினால் காற்றுதான் பக்கவாட்டில் தப்பும், நீர் அப்படியே நிற்கும். தலையை ஊதத் தொடங்குவதற்கு முன்பே உயர்த்தினால் நீர் மூக்குத் துளைக்குள் ஓடும். பெரும்பாலோர் தவறுவது இந்த வரிசையில்தான். பாதி நீர் எளிதானதும் முழு நீர், அதன்பின் முகமூடியைக் கழற்றி ஒரு நிமிடமாவது மூச்சுவிட்டு மீண்டும் மாட்டுதல். கழற்றிய நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வதும் தவறில்லை. கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் மூடியே இருக்க வேண்டும்.

ரெகுலேட்டரைக் கழற்றி மீட்டல்

முகமூடியோடு ஒப்பிட்டால் இது எளிது. ரெகுலேட்டர் வாயில் இல்லாத ஒவ்வொரு நொடியும் உதடுகளைச் சற்றே திறந்து ‘ஆ’ என்று சிறு குமிழ்களை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நழுவிய குழாயைத் தேட, வலப்பக்கம் சாய்ந்து, வலக்கையைத் தொடையோடு ஒட்டிப் பின்னால் கொண்டுபோய், பெரிய வட்டமாக முன்னே வீசுங்கள். குழாய் கையில் வந்து விழும். வாயில் வைத்தபின் முதல் மூச்சு வெளியே போக வேண்டும், ஏனெனில் உள்ளே நீர் இருக்கிறது. ஊதக் காற்று மீதமில்லை என்றால், துளையை நாக்கால் மறைத்துக்கொண்டு நடுவிலுள்ள பொத்தானை அழுத்துங்கள்.

காது

தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் நுண்குழல் சாதாரணமாக மூடியே இருக்கும். கீழிறங்கும்போது அதைத் திறந்து காற்றை அனுப்பாவிட்டால் செவிப்பறை உள்நோக்கி வளையும். ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்துக்குள் சமன்செய்யாமல் போனாலே அக்குழலின் வாய் அழுத்தத்தால் ஒட்டிக்கொண்டு, பிறகு எவ்வளவு ஊதினாலும் திறக்காமல் போகலாம். அதனால்தான் ‘வலிக்கும்போது ஊது’ என்பது தவறான அறிவுரை. வலி வந்துவிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள்.

நீரின் மேற்பரப்பிலேயே ஒருமுறை சமன்செய்யுங்கள். பின் ஒவ்வொரு அரை மீட்டர், ஒரு மீட்டர் இடைவெளியிலும் மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதுங்கள். அல்லது மூக்கைப் பிடித்தபடி எச்சில் விழுங்குங்கள். கால் கீழாக, நங்கூரக் கயிற்றையோ வழிக் கயிற்றையோ பிடித்து இறங்குங்கள். கயிறு இருந்தால் நினைத்த இடத்தில் நிற்கலாம், ஒரு மீட்டர் மேலேறிச் சரிசெய்யலாம். ஒரு காது மட்டும் அடைத்தால் அந்தக் காது மேலே இருக்கும்படி கழுத்தைச் சாய்த்து முயலலாம். பலத்தால் ஊதவே கூடாது. உட்காதுக்குச் சேதம் நேரலாம். குழுவில் மற்ற மூவரும் கீழே காத்திருக்கிறார்கள் என்ற கூச்சம்தான் இங்கே உண்மையான ஆபத்து. காத்திருப்பது அவர்கள் கடமை. அன்று காது திறக்கவில்லை என்றால் அன்றைய முழுக்கு அங்கே முடிகிறது.

சளி பிடித்திருந்தால் முழுக வேண்டாம். மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு இறங்குபவர்கள் உண்டு. மருந்தின் வேகம் ஆழத்தில் குறைந்துவிட்டால், உள்ளே விரியும் காற்று வெளியேற வழியின்றி மேலேறும்போது வலிக்கும். இறங்குவதைக் கைவிடலாம், மேலேறுவதைக் கைவிட முடியாது.

மிதப்பு: இதற்கே அதிக நேரம் கொடுங்கள்

மேலே சொன்ன திறன்களை நீரின் அடித்தரையில் மண்டியிட்டே செய்து முடிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தொடக்கத்தில் அது கற்பவருக்குத் துணிவைத் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் கடலில் மண்டியிட இடமில்லை. கீழே பவளம் இருக்கும், அல்லது தரையே கண்ணுக்குத் தெரியாது. மண்டியிட்டு முகமூடியை நீக்கத் தெரிந்தவர், மிதந்துகொண்டே அதைச் செய்யும்போது மூச்சை இழுத்த கணத்தில் மேலே கிளம்பிவிடுவார். ஆகவே ஒவ்வொரு திறனையும் மிதக்கும் நிலையிலும் ஒருமுறை செய்து காட்டிய பிறகே அதைக் கற்றதாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மிதப்புச் சிக்கலின் வேர் பெரும்பாலும் அதிக எடை. புதியவர் எளிதில் மூழ்கட்டும் என்று இரண்டு மூன்று ஈயக்கட்டிகளைக் கூடுதலாகக் கோத்துவிடுவார்கள். எனக்கும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் செய்தார்கள். என் திறமைக் குறைவென்றே நான் நினைத்திருந்தேன். கணக்கு இதுதான்: தேவைக்கு மேல் 4 கிலோ எடை இருந்தால், அதை ஈடுசெய்ய, காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் மிதப்பைச் சரிசெய்யும் மிதப்புச் சட்டைக்குள் 4 லிட்டர் காற்று கூடுதலாக வேண்டும். 10 மீட்டரில் இருக்கும் அந்த 4 லிட்டர், 5 மீட்டருக்கு ஏறினால் ஏறக்குறைய 5.3 லிட்டராகும். நீங்கள் எதுவும் செய்யாமலே 1.3 கிலோ அளவுக்கு மேல்நோக்கிய இழுவை பிறந்துவிடும். உடனே காற்றைத் திறந்துவிடுவீர்கள், கீழே விழுவீர்கள், மீண்டும் நிரப்புவீர்கள். கூடுதல் ஈயம் இல்லையென்றால் இந்த ஊசலாட்டம் மிகவும் குறையும்.

சரியான எடையைக் கண்டறிய, சிலிண்டரில் 50 பார் (அழுத்தத்தின் அலகு) அளவே காற்று மிஞ்சியிருக்கும்போது, சட்டையின் காற்றை முழுவதும் வெளியேற்றி, செங்குத்தாக அசையாமல் நின்று, இயல்பாக ஒரு மூச்சு இழுத்து வைத்திருங்கள். நீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல மூழ்க வேண்டும். மூச்சை அடக்காத விதிக்கு இது விலக்கல்ல. தலை மேற்பரப்பில் இருக்கும்போது மட்டும் செய்யும் சோதனை இது. நிரம்பிய சிலிண்டரோடு சோதித்தால் சுமார் 2 கிலோ சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் உள்ளிருக்கும் காற்றுக்கும் எடை உண்டு, முழுக்கின் முடிவில் அது குறைந்திருக்கும்.

எடை சரியானபின் நுண்மையான கட்டுப்பாடு நுரையீரலுக்கு உரியது. இழுத்தால் எழுவோம், விட்டால் தாழ்வோம். ஆனால் உடனே அல்ல, சில நொடிகள் தாமதித்து. அந்தத் தாமதம்தான் புதியவரைக் குழப்புகிறது. இழுத்தும் உடல் எழவில்லையே என்று சட்டைப் பொத்தானை அழுத்துவார், அதற்குள் முதல் மூச்சின் விளைவும் வந்து சேர, இரண்டும் கூடி அவரை மேலே கொண்டுபோகும். ஒரு மூச்சு இழுத்துவிட்டு உடல் என்ன செய்கிறது என்று பாருங்கள், பிறகு முடிவெடுங்கள். சட்டையின் காற்றைக் குறுகிய அழுத்தங்களாகவே கூட்டுங்கள், குறையுங்கள். கைகளை மார்பருகே கட்டிக்கொள்ளுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்குக் கையை அசைக்காமல் இருப்பது கடினம், ஆனால் கையால் துழாவும்வரை மிதப்பு சரியா தவறா என்றே உங்களுக்குத் தெரியாது.

காற்றுப் பகிர்வும் அவசர ஏற்றமும்

காற்று தீர்ந்தது என்பதைக் கழுத்தின் குறுக்கே கையை அசைத்துக் காட்டி, துணைவரின் மாற்று ரெகுலேட்டரை, அது பெரும்பாலும் மஞ்சள் நிறக் குழாயில் இருக்கும், வாயில் வைத்து, ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு மெல்ல மேலேற வேண்டும். இதை நாடகம்போல் செய்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள். ஒவ்வொரு முழுக்குக்கு முன்பும் துணைவரின் மாற்றுக் குழாய் எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்ப்பது இத்திறனின் பாதி.

தனியே மேலேறும் அவசரப் பயிற்சியில், ‘ஆ’ என்று ஒலித்தபடி ஒரே மூச்சில் 9 மீட்டர் தூரத்தைக் குளத்தில் கிடையாக நீந்தச் செய்வார்கள். பிறகு கடலில் 6 முதல் 9 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே. கிடையாக நீந்தும்போது மூச்சு முன்கூட்டியே தீர்ந்துவிடும். மேலே ஏறும்போது தீராது, ஏனெனில் நுரையீரலில் உள்ள காற்று விரிந்துகொண்டே வருகிறது. இது தெரிந்தால் அச்சம் பாதி குறையும். இயல்பான முழுக்கில் நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று செல்வது நல்ல வழக்கம்.

குளத்திலிருந்து கடலுக்கு

குளத்தில் சரியாக இருந்த எடை கடலில் போதாது. உப்புநீர் ஏறக்குறைய 2.5 விழுக்காடு அடர்த்தி மிகுந்தது. ஆளும் கருவியும் சேர்ந்து 100 கிலோ என்றால் சுமார் 2.5 கிலோ கூடுதலாகத் தேவை. எடைச் சோதனையைக் கடலில் மீண்டும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். நீருக்குள் பொருள்கள் பெரிதாகவும் அருகிலும் தெரியும். கயிற்றைப் பிடிக்க நீட்டிய கை எட்டாமல் போவது அதனால்தான். 28 பாகை வெப்பமுள்ள நீர்கூட நாற்பது நிமிடத்தில் குளிரூட்டும், ஏனெனில் நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்துகிறது. நடுங்கும் உடல் வேகமாக மூச்சுவிடும், காற்று சீக்கிரம் தீரும். ஆகவே உடல் வெப்பத்தைக் காக்கும் வெட்சூட் உடை வேண்டாம் என்று மறுக்காதீர்கள்.

பருவத்தைத் தேர்வதும் பயிற்சியின் ஒரு பகுதியே. அந்தமானில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். இலங்கையில் திருகோணமலைக்கு அருகிலுள்ள நிலாவெளிப் பகுதிக்கு மே முதல் செப்டம்பர் வரையும், மேற்கே ஹிக்கடுவைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரையும் ஏற்ற காலம். கலங்கல் நீரிலும் கற்க முடியும், ஆனால் முதல் முழுக்கிலேயே துணைவரைக் காண முடியாத அச்சத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை.

பல இடங்களில் இப்பயிற்சி மூன்று நான்கு நாள்களுக்குள் முடிக்கப்படுகிறது. ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு பயணத்தை வகுத்தால், வராத ஒரு திறனுக்காக இன்னொரு முறை நீரில் இறங்க இடமிருக்கும். அந்தக் கூடுதல் நேரத்துக்குக் கட்டணம் உண்டா என்று சேரும்போதே கேளுங்கள். நாள்களை எண்ணும்போது விமானத்தையும் சேர்த்து எண்ணுங்கள்: பல நாள் முழுகியபின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. போர்ட் பிளேரிலிருந்து, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, காலையில் சென்னைக்குக் கிளம்புவதாக இருந்தால், கடைசி முழுக்கு அதற்கு முந்தைய நாள் காலைக்குள் முடிந்திருக்க வேண்டும்.